அப்பாவோட ஒரு நல்ல படம்: போட்டோ எடுக்கறத தமிழ்ல சொல்லித் தாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கேன், நம்ம பேப்பர இருபது வருஷத்துக்கு மேல வாங்கிப் படிக்கிறேன், ஆனா கடிதம்னு எழுதறது இதுதான் முதல் தடவ. விஷயம் போட்டோ பத்தினது. எந்த கேமரா நல்லது எந்த போன் நல்லதுங்கிற பேச்சு இல்ல, கையில இருக்கிற போன வச்சே படத்துக்குள்ள எத எங்க வைக்கணும், எத வெளிய விடணும்ங்கிறது, கம்போசிஷன்னு சொல்வாங்களே, அது. இத தமிழ்ல, வீட்ல இருக்கிற பெரியவங்களுக்கும் புரியற மாதிரி, வாரம் ஒரு சின்ன இடம் ஒதுக்கி நீங்க சொல்லித் தரணும்னு கேக்கத்தான் எழுதறேன். ஏன் கேக்கறேன்னு கொஞ்சம் விரிவாவே சொல்லிடறேன்.

2019-ல எங்க அப்பா தவறிட்டாங்க. 78 வயசு, செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறைல வெல்டிங் வேலை பாத்தவங்க, ஓய்வு பெத்ததுக்கு அப்புறம் தெனமும் சாயந்தரம் எங்க வீட்டு காரிடார்ல ஒரு நீல கலர் பிளாஸ்டிக் நாற்காலிய போட்டு உக்காந்து போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் பேசிகிட்டே இருப்பாங்க. விடிகாலைல ஆஸ்பத்திரில உயிர் போச்சு, பத்து மணிக்கெல்லாம் புளோக்குக்கு கீழ திறந்த பொது இடம் இருக்குமே வாய்ட் டெக், அங்க மேசை நாற்காலி வந்து எறங்குது, காரியம் பாக்கற அண்ணன் வந்து "அப்பா படம் ஒண்ணு குடுத்துடுங்கம்மா, பெருசா பிரிண்ட் போடணும், பேப்பருக்கும் அதையே அனுப்பிடலாம்"னு கேட்டாரு. நானும் தங்கச்சியும் தம்பியும் ஆளுக்கொரு போன வச்சுகிட்டு அப்பா கட்டில்லயே உக்காந்து தேடினோம். படம் இல்லாம இல்லீங்க, மூணு போன்லயும் சேத்தா ஆயிரக்கணக்குல இருக்கு. மெர்லயன் சிலை முன்னாடி நிக்கிறாங்க, ஆனா தீக்குச்சி அளவுக்கு இருக்காங்க, பெருசாக்கினா மூஞ்சி கலஞ்சு போகுது. பேரன் பொறந்தநாள்ல கேக் முழுசா இருக்கு, மெழுகுவத்தி முழுசா இருக்கு, அப்பாவுக்கு நெத்தியோட வெட்டியாச்சு. பூங்கால எடுத்ததுல விளக்குக் கம்பம் ஒண்ணு தலைலேர்ந்து நேரா முளைச்சு நிக்குது. ஹால்ல சோபால உக்காந்து வாய்விட்டு சிரிக்கிறாங்க, அவ்வளவு அழகான சிரிப்பு, பின்னாடி ஜன்னல் வெளிச்சத்துல முகமே கறுப்பா போயிடுச்சு. கல்யாணத்துல குடும்பமா எடுத்ததுல அப்பா கடைசி ஓரம், முகம் ஒரு பக்கமா இழுத்துவிட்ட மாதிரி இருக்கு.

ஒரு மணி நேரம் தேடி, வேற வழியில்லாம அடையாள அட்டைல இருந்த படத்தத்தான் குடுத்தோம். நேரா வெறிச்சுப் பாக்கற மூஞ்சி, எங்க அப்பா ஒருநாளும் அப்படி இருந்ததில்ல. மாலை போட்டு வச்ச உடனே அம்மா வந்து பாத்துட்டு "சிரிக்கிற மாதிரி ஒண்ணுகூட இல்லையாடி"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.

அதுக்கப்புறம்தான் கத்துக்கணும்னு வெறி வந்துச்சு. முன்னூறு வெள்ளி கட்டி ஒரு வகுப்புல சேந்தேன், எங்கன்னு சொல்ல விரும்பல. முழுக்க இங்லீஷ், அது பரவால்ல சமாளிச்சுக்குவேன், ஆனா ரெண்டு வாரமும் வெளிச்சத்த கூட்டிக் குறைக்கிற அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீட், ஐஎஸ்ஓ, எந்த லென்ஸ் என்ன விலை, இதுவே ஓடுச்சு. போன் போதாது, முதல்ல ஒரு நல்ல கேமரா வாங்குங்கன்னு சொன்னாங்க. நான் கைய தூக்கி ஆள எங்க நிறுத்தணும், எவ்வளவு தூரத்துல நான் நிக்கணும்னு கேட்டேன், அதெல்லாம் எடுக்க எடுக்க தானா வரும்னு சொல்லிட்டு அடுத்த ஸ்லைடுக்கு போயிட்டாங்க. தானா வராதுங்க. எங்க வீட்ல மூணு பேர் பத்து வருஷமா எடுத்துகிட்டுதான இருந்தோம், வந்துச்சா? அப்பர்ச்சரும் ஷட்டரும் தேவையில்லன்னு நான் சொல்லல, ஆனா புதுசா கத்துக்கறவங்களுக்கு, அதுவும் போன்ல எடுக்கறவங்களுக்கு, வெளிச்சக் கணக்கெல்லாம் போனே பாத்துக்குது, எங்க நிக்கணும்னு மட்டும் அது சொல்லாது. அது நம்ம வேலை.

மூணாவது வாரம் போகல. நூலகத்துல புத்தகங்கள எடுத்துப் படிச்சேன், ராத்திரில யூடியூப் பாத்தேன், வீட்ல அம்மாவ வச்சு எடுத்து எடுத்து பாத்தேன். கொஞ்சம் புரிஞ்சதும் எங்க புளோக்ல இருக்கிற அக்காமார் நாலஞ்சு பேர் எங்களுக்கும் சொல்லுன்னாங்க. ரூல் ஆஃப் தர்ட்ஸ், லீடிங் லைன்ஸ், ஃப்ரேமிங், நெகட்டிவ் ஸ்பேஸ்னு ஆரம்பிச்சா அவங்க முகம் சுருங்குது. அதனால வீட்ல பொழங்கற பேர் வச்சேன். மூணு பங்கு, கண்ணுக்கு வழி, வாசப்படி, காலி இடம். அப்படி சொன்னதும் சட்டுனு பிடிச்சுகிட்டாங்க, எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. இதெல்லாம் நம்ம ஆளுங்களுக்கு புதுசு இல்லங்கிறது அப்பதான் தெரிஞ்சுது, வேற பேர்ல நம்மகிட்ட ஏற்கெனவே இருக்கு.

மூணு பங்க எடுத்துக்குங்க. போன்ல கேமரா செட்டிங்ஸ் உள்ள போனா க்ரிட்னு ஒண்ணு இருக்கும், ஐபோன்னா செட்டிங்ஸ்ல கேமராவ தொட்டா உள்ள இருக்கும், சாம்சங் மாதிரி போன்ல கேமராவ திறந்து அதோட செட்டிங்ஸ்ல க்ரிட் லைன்ஸ். அத ஆன் பண்ணிட்டா திரைல நெடுக்க ரெண்டு கோடு குறுக்க ரெண்டு கோடு வரும், படம் ஒம்பது கட்டமா பிரிஞ்சிடும். கோடும் கோடும் சந்திக்கிற நாலு புள்ளில ஏதாவது ஒண்ணுல ஆளோட கண்ணோ, விளக்கோட சுடரோ, முக்கியமானது எதுவோ அது வந்தா பாக்கறதுக்கு நல்லா அமையும். வானமும் கடலும் எடுத்தா ரெண்டும் சந்திக்கிற கோட்ட நடுவுல போடாம மேல் கோட்டுலயோ கீழ் கோட்டுலயோ போடணும், வானம் அழகா இருந்தா வானத்துக்கு ரெண்டு பங்கு, தண்ணி அழகா இருந்தா தண்ணிக்கு ரெண்டு பங்கு. இந்த மூணு பங்கு கணக்கு கேமராவுக்கு முன்னாடியே வந்ததுங்க, 1797-ல ஜான் தாமஸ் ஸ்மித்னு ஒரு ஆங்கிலேய ஓவியர் இயற்கைக் காட்சி வரையறது பத்தி எழுதினப்ப இந்தப் பேர சொன்னாரு, போட்டோங்கிற ஒண்ண உலகத்துக்கு அறிவிச்சதே 1839-லதான்.

ஆனா அக்காமார்கிட்ட நான் 1797 பத்தியெல்லாம் பேசல, வாழை இலைய பத்தி பேசினேன். இலை போட்டா உப்பு எங்க வைப்போம், ஊறுகா எங்க வைப்போம், கூட்டு பொரியல் எந்தப் பக்கம், சோறு எங்க? யாராச்சும் எல்லாத்தையும் இலை நடுவுல கொட்டுவாங்களா? மேல ஒரு வரிசை, கீழ சோத்துக்கு இடம், அப்புறம் பாயாசத்துக்கும் ரசத்துக்கும் கொஞ்சம் காலி இடம். அந்த காலி இடம் வீணா இருக்கிற இடம் இல்லையே. இலைல உக்காந்த உடனே நமக்கு கண்ணு நிறையறதே அந்த அமைப்புனாலதான். படத்துலயும் அதேதான். ஒரு பக்கம் பாக்கற ஆள எடுத்தா அவங்க பாக்கற பக்கம் காலியா விடணும், நடக்கிற குழந்தைன்னா நடந்து போற பக்கம் விடணும், இல்லன்னா செவுத்துல போய் முட்டிக்கிட்ட மாதிரி இருக்கும். இத சொல்லி முடிக்கறதுக்குள்ள மேல் மாடில இருக்கிற ஒரு அக்கா அவங்க பேத்தி ஜன்னல் வழியா பாக்கற படத்த எடுத்துக் காட்டிட்டாங்க, பேத்தி ஒரு ஓரமா இருக்கா, மிச்சம் பூரா வெளிச்சம்.

நம்ம பழக்கம் என்னன்னா யாரா இருந்தாலும் நடுநாயகமா நிக்க வச்சு எடுக்கறது. நடுநாயகம் தப்பே இல்ல, அதுக்குன்னு இடம் இருக்கு. சாமி, கோபுரம், புள்ளிக் கோலம், மணவறைல பொண்ணு மாப்பிள்ளை, ரெண்டு பக்கமும் சரிசமமா இருக்கிற எதுவும் நடுவுலதான் நிக்கணும். ஆனா நடுன்னா சரியான நடுவா இருக்கணும். சவுத் பிரிட்ஜ் ரோட்டுல மாரியம்மன் கோயில் இருக்கே, 1827-ல ஆரம்பிச்சது, அந்த கோபுரத்த எடுக்கணும்னா வாசல் நடுக்கோட்டுக்கு நேரா நீங்க நிக்கணும், அரை அடி தள்ளி நின்னாலும் கோபுரம் ஒரு பக்கம் சாஞ்ச மாதிரி மனசுக்கு உறுத்தும். கோலத்துல ஒரு புள்ளி தப்பினா அம்மா உடனே கண்டுபிடிப்பாங்க இல்லையா, அந்தக் கண்ணுதான் இங்கயும் வேணும்.

அப்புறம் எங்க நிக்கிறதுங்கிறது. இதுதான் எல்லாத்தையும் விட பெருசுன்னு நான் நெனைக்கிறேன். சிங்கப்பூர எடுத்த படங்கள்ல இன்னும் மிஞ்சியிருக்கிறதுல ரொம்ப பழசுல ஒண்ணு 1844-ல எடுத்தது, ஜூல்ஸ் இட்டியேன்னு ஒரு பிரெஞ்சு சுங்க அதிகாரி எடுத்தாரு, நம்ம தேசிய அரும்பொருளகத்துல இருக்கு. ஆத்தோரமா இருக்கிற போட் கீயையும் ஆத்தையும்தான் எடுத்திருக்காரு, ஆனா ஆத்தங்கரைல நின்னு எடுக்கல, இப்ப ஃபோர்ட் கேனிங்னு சொல்ற மலை மேல ஏறி நின்னு எடுத்திருக்காரு. அந்தக் காலத்து பெட்டிய தூக்கிகிட்டு மலை ஏறியிருக்காரு. நம்ம கையில இருக்கிறது இருநூறு கிராம் போன், ரெண்டு அடி எடுத்து வைக்க நமக்கு மனசு வரல, நின்ன இடத்துலேர்ந்தே விரல்ல ஜூம் பண்றோம். மெரினா பேல போய் பாருங்க, மெர்லயன் 8.6 மீட்டர், பின்னாடி மெரினா பே சேண்ட்ஸ் கட்டடம் ஒவ்வொண்ணும் 55 மாடி, அதெல்லாம் முழுசா வரணும், ஆளும் தலைலேர்ந்து கால் வரைக்கும் வரணும்னு பின்னாடியே போய்கிட்டிருப்பாங்க, கடைசில ஆளு எறும்பு. கட்டடம் எங்கயும் ஓடிப்போகாது, தூரத்துலயே இருக்கட்டும். ஆள நம்ம பக்கத்துல கூப்பிட்டு, இடுப்புக்கு மேல வர்ற மாதிரி, ஒரு பக்கத்து கோட்டுல நிறுத்தினா போதும், முகமும் தெரியும் கட்டடமும் முழுசா தெரியும். அப்பாவ நான் அப்படி கூப்பிட்டிருக்கலாம். "அப்பா, கொஞ்சம் இப்படி முன்னாடி வாங்க"ன்னு அஞ்சு வார்த்தை.

ஓரத்துல இருந்த அப்பா முகம் ஏன் இழுத்த மாதிரி வந்துச்சுங்கிறதும் இப்பதான் தெரியும். போன்ல சாதாரணமா திறக்கிற லென்ஸே அகல லென்ஸ், ஓரத்துல இருக்கிறத அது இழுக்கும், கிட்டக்க போனா இன்னும் மோசம், ஜூம 0.5-ல வச்சா கேக்கவே வேண்டாம். குடும்பமா நிக்கறப்ப பெரியவங்கள ஓரத்துல விடாதீங்க, நடுவுல உக்கார வைங்க, நீங்க நாலு அடி பின்னால போய் ஜூம்ல டூ எக்ஸ் (2x) பட்டன அழுத்தி எடுங்க. அதே மாதிரி வெட்டற எடம், முட்டில, மணிக்கட்டுல, கழுத்துல வெட்டினா ஊனமா தெரியும், தொடை நடுவுல, நெஞ்சுக்கு கீழன்னு வெட்டலாம். குழந்தைங்கள மேலேர்ந்து எடுக்காம தரைல உக்காந்து அதுங்க கண்ணு மட்டத்துல எடுக்கணும். இதெல்லாம் ஒருதடவ கேட்டா போதும், மறக்காது.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழம நடந்தத சொல்றேன். லிட்டில் இந்தியால தேக்கா சந்தைல மீன் வாங்கிட்டு கெர்பாவ் ரோடு வழியா வர்றேன், அங்க அந்த கலர் கலரா இருக்கிற டான் டெங் நியா வீடு, 1900-ல கட்டினது, அது முன்னாடி ஒரு தம்பி நின்னுகிட்டு "அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தரீங்களா, ஊருக்கு அனுப்பணும்"னு போன நீட்டினாரு. புதுக்கோட்டை பக்கமாம், கட்டுமான வேலை, புதுச் சட்டை, இஸ்திரி மடிப்பு அப்படியே நிக்குது. அவரு முன்னாடி எடுத்து வச்சிருந்தத காட்டினாரு, யாரோ எடுத்துக் கொடுத்தது. வீடு பூரா இருக்கு, வானம் பூரா இருக்கு, ஒரு சைக்கிள், ஒரு குப்பைத் தொட்டி, இவரு நடுவுல சின்னதா. மணி ஒண்ணே கால், நம்ம ஊர்ல சூரியன் தலைக்கு நேர் மேல வர்ற நேரம் பன்னெண்டு இல்ல, ஒரு மணிதான், அந்த வெயில்ல கண்ணு ரெண்டும் குழியா நெழல் விழுந்து கெடக்கு. அம்மா இத பாத்தா மகன் இளைச்சுட்டான்னுதான் அழுவாங்க.

நான் பைய கீழ வச்சுட்டு "தம்பி, இப்படி அஞ்சடிக்குள்ள வாங்க"ன்னு பக்கத்து கடைவீட்டு அஞ்சடிக்கு, அதான் கடை முன்னாடி கூரையோட இருக்கிற நடைபாதைக்கு, கூப்பிட்டேன். அங்க நெழல், ஆனா ரோட்டுலேர்ந்து வெளிச்சம் முகத்துல மெதுவா விழுது. தூணுக்கு பக்கத்துல ரோட்ட பாத்து நிக்க சொன்னேன். தலைக்கு பின்னாடி ஒரு பைப் வந்துச்சு, நான் ஒரு அடி இடது பக்கம் நகந்தேன், பைப் போயிடுச்சு, அவரு நகர வேண்டியதே இல்ல. பின்னாடி அஞ்சடித் தூணெல்லாம் வரிசையா உள்ள போகுது, அதோட முடிவுல அந்த கலர் செவுத்துல கொஞ்சம் தெரியுது, அது போதும் சிங்கப்பூர்னு தெரியறதுக்கு. நெஞ்சு வரைக்கும் வச்சு, கண்ணு மேல் கோட்டுல வர்ற மாதிரி பாத்துகிட்டு, "வீட்ல யாரெல்லாம் இருக்காங்க"ன்னு கேட்டேன். தங்கச்சிக்கு கொழந்த பொறந்திருக்குன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒரு சிரிப்பு வந்துச்சு, அப்ப அழுத்தினேன். போன வாங்கிப் பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் "நானா அக்கா இது"ன்னாரு. அங்கயே நின்னு அம்மாவுக்கு அனுப்பினாரு. இதுக்கு நான் ஒரு நயா பைசா செலவு பண்ணல, நகந்ததெல்லாம் பத்து அடி இருக்கும்.

ஞாயித்துக்கிழம லிட்டில் இந்தியால இந்த மாதிரி எத்தன தம்பிங்க படம் எடுத்து ஊருக்கு அனுப்பறாங்க, நீங்களே பாத்திருப்பீங்க. அவங்க நல்லா இருக்காங்கன்னு வீட்டுக்கு சொல்றதே அந்தப் படம்தான. அவங்களும் இத தமிழ்ல படிச்சா எவ்வளவு நல்லா இருக்கும்.

கண்ணுக்கு வழின்னு சொன்னேனே, அதுக்கு எச்டிபி அடுக்குமாடி வீட்டு காரிடார விட நல்ல எடம் கெடையாது. கைப்பிடிச் செவுரு, மேல லைட்டு வரிசை, கீழ தரையோட விளிம்பு, எல்லா கோடும் ஒரே எடத்த பாத்து ஓடும், அந்தக் கோடெல்லாம் போய் சேர்ற எடத்துல ஆள நிறுத்தினா பாக்கறவங்க கண்ணு தானா அங்க போகும். எங்க அம்மா காலைல கருவேப்பிலைத் தொட்டிக்கு தண்ணி ஊத்தறத நான் லிஃப்ட் பக்கத்துலேர்ந்து எடுத்தேன். முதல்ல நின்னுகிட்டு எடுத்தேன், சுமாரா இருந்துச்சு. முட்டி போட்டு, செவுத்து ஓரமா போன வச்சு எடுத்தேன், தொட்டிங்க வரிசையா பெருசுலேர்ந்து சின்னதா ஓடி கடைசில அம்மா, கையில சொம்பு, தண்ணி விழற கோடு கூட தெரியுது. வாசப்படிங்கிறது வீட்டுக்குள்ள இருட்டுல நின்னுகிட்டு நிலைப்படிக்கு வெளிய நிக்கிறவங்கள எடுக்கறது, நிலையே படத்துக்கு சட்டம் போட்ட மாதிரி ஆயிடும், ரெண்டு பக்கம் மாவிலைத் தோரணம் தொங்கினா இன்னும் அழகு. எடுக்கறப்ப வெளிய நிக்கிறவங்க முகத்த ஒருதடவ விரலால தொட்டுட்டு எடுக்கணும், இல்லன்னா வெளிச்சக் கணக்கு தப்பிடும். ஹால்ல அப்பா சிரிச்ச படம் கறுத்துப் போனதும் இந்த ஒரு தொடுதல் இல்லாமதான். இல்லன்னா சோபாவுல எதிர்ப் பக்கம் உக்கார சொல்லியிருந்தாலே முகத்துல வெளிச்சம் விழுந்திருக்கும்.

சாயந்தர வெளிச்சம் பத்தி ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். நாம பூமத்திய ரேகைக்கு பக்கத்துலயே இருக்கோம், சூரியன் சாஞ்சுகிட்டு போகாம நேரா கீழ எறங்கிடும், அதனால ஏழு மணி வாக்குல மறைஞ்சா அப்புறம் வானம் நீலமா இருக்கிறது இருபது நிமிஷம் இருந்தா அதிகம். வெளிநாட்டு வீடியோல சொல்ற மாதிரி சாவகாசமா காத்திருந்தா இருட்டிடும். தீபாவளி லைட் போட்டிருக்கறப்ப சிராங்கூன் ரோட்டுக்கு எட்டு மணிக்கு மேல போய் எடுத்தா வானம் கறுப்பு, விளக்கு வெள்ளை, நடுவுல ஒண்ணுமில்ல. ஏழு மணிக்கு முன்னாடியே எங்க நிக்கணும்னு எடத்த பாத்து வச்சிட்டு நிக்கணும்.

எனக்கு ஒத்துவராதது ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடணும். போர்ட்ரெய்ட் மோட்ல போட்டு பின்னாடி இருக்கிறத பூரா மங்கலாக்கிடறது. பேக்ரவுண்ட் சுத்தமா இருக்கணும்னு எல்லா எடத்துலயும் சொல்றாங்க, நானும் முதல்ல அப்படித்தான் புரிஞ்சுகிட்டேன். ஆனா அப்பா போனதுக்கு அப்புறம் பழைய படங்கள எடுத்துப் பாக்கறப்ப நான் தேடறது அவங்க முகத்த மட்டும் இல்ல. பின்னாடி செவுத்துல தொங்கற தினசரி காலண்டர், என்ன தேதிய கிழிச்சிருக்காங்கன்னு பாக்கறேன், ரேடியோ மேல மடிச்சு வச்ச துண்டு, அந்த நீல நாற்காலி, மேசைல அவங்க கண்ணாடிக் கூடு. இதெல்லாம் மங்கலா போயிருந்தா எனக்கு இப்ப ஒண்ணுமே மிஞ்சியிருக்காது. அதனால அக்காமார்கிட்ட நான் சொல்றது, துடைச்சு எறியாதீங்க, எது இருக்கணும்னு தேர்ந்தெடுங்க. குப்பைத் தொட்டி வேண்டாம், காலண்டர் வேணும். அழுத்தறதுக்கு முன்னாடி ஒரு நொடி திரையோட நாலு ஓரத்தையும் கண்ணால சுத்தி வாங்க, கோயில் பிரகாரம் சுத்தற மாதிரி. வேண்டாதது ஏதாவது ஓரத்துல எட்டிப் பாத்தா அப்பவே தெரிஞ்சிடும். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதி படம் சரியாயிடும்.

இப்ப என் கோரிக்கை. வாரத்துல ஒருநாள், பெருசா வேண்டாம், கால் பக்கம் போதும். ஒரே காட்சிய ரெண்டு விதமா எடுத்த ரெண்டு படம், பக்கத்துல பக்கத்துல போட்டு, என்ன மாத்தினாங்க, எங்க நின்னாங்க, ஏன்னு நாலு வரி தமிழ்ல. கேமரா கம்பெனி பேர், விலை எதுவும் வேண்டாம். தைப்பூசத்துக்கு முன்னாடி வாரம் கூட்டத்துக்கு நடுவுல காவடி எடுக்கறவங்க வழிய மறைக்காம எப்படி எடுக்கறது, தீபாவளிக்கு முன்னாடி குத்துவிளக்கு வெளிச்சத்துல எப்படி, பொங்கலுக்கு பானை பொங்கறப்ப எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு நம்ம நாள் கிழமைய ஒட்டி சொன்னா எல்லாரும் வெட்டி எடுத்து வச்சுக்குவாங்க. வாசகர் அனுப்பற படங்களயும் போடலாம், ஆனா நல்லாருக்குன்னு மட்டும் சொல்லாம எதனால நல்லாருக்குன்னு ஒரு வரி சேத்து போடுங்க. அந்த ஒரு வரிலதான் மத்தவங்க கத்துக்குவாங்க. ஏப்ரல் மாசம் தமிழ்மொழி விழா வருது, சமூக மன்றங்கள்ல இருக்கிற இந்தியர் நற்பணிச் செயற்குழுக்காரங்களும் இத படிச்சா அரைநாள் பட்டறை ஒண்ணு, போன் மட்டும் கொண்டு வாங்கன்னு சொல்லி, முழுக்க தமிழ்ல வைக்கலாம். கூட மாட நின்னு உதவி பண்ண நான் தயார், காசெல்லாம் வேண்டாம்.

அம்மாவுக்கு இப்ப 76 வயசு. போன வருஷம் தீபாவளி அன்னிக்கு சாயந்தரம் ஆறரைக்கு காரிடார்ல எடுத்த அவங்க படம் ஒண்ண இதோட இணைச்சிருக்கேன், சிரிக்கிறாங்க. பேப்பர்ல போடறதா இருந்தா தாராளமா போடுங்க, ஆனா இடம் பத்தலன்னு இடது பக்கத்த வெட்டிடாதீங்க. அங்க காலியா தெரியற எடம் அப்பா நாற்காலி போட்டு உக்கார்ற எடம், அம்மா பாக்கறது அந்தப் பக்கம்தான்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி ஒருவர்